கணினிக் கேள்வி–பதில்: தேடல் சேவையகத்தின் கேஷ் ஏன் நிலைப்பதில்லை?

தேடல் சேவையகங்களைப் பற்றி வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை கேஷ் தொடர்பானவை. ஆகவே இம்முறை அக்கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை கண்டுபிடித்த விடையை நினைவகத்தில் வைத்திருந்து, அதே வினவல் திரும்ப வரும்போது எடுத்துக் கொடுப்பதே கேஷ் என்ற அளவில் அனைவரும் அறிந்திருப்பீர்கள் எனக் கொண்டு பதில்களைத் தொடங்குகிறேன்.

கேள்வி: எங்கள் செய்தித் தளத்தின் பழைய செய்திகளைத் தேடுவதற்கு அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஏறத்தாழ மூன்று இலட்சம் செய்திகள் உள்ளன. மழைக்காலத்தில் வாசகர் தொகை கூடும்போது தேடல் மிகவும் தாமதமாகிறது. வடிகட்டிகளின் விடைகளைச் சேமிக்கும் ஃபில்டர் கேஷின் அளவை 512 பதிவுகளிலிருந்து 20,000 ஆக உயர்த்திப் பார்த்தோம். பயன் கிடைக்கவில்லை, சில நாட்களில் நினைவகம் போதாமல் சோலர் நின்றும் போனது. ஒவ்வொரு செய்தியும் வெளியானவுடன் எங்கள் நிரல், சேர்த்ததை உறுதிசெய்து தேடலில் தெரியவைக்கும் கொமிட் கட்டளை ஒன்றை அனுப்புகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: உண்டு. கேள்வியின் கடைசியில் நீங்கள் ஒட்டிவைத்த அந்த விடயமே முழுச் சிக்கலுக்கும் காரணம். கேஷின் அளவு அன்று.

சோலரில் உள்ள ஃபில்டர் கேஷ், வினவலின் விடைப்பட்டியலை வைக்கும் குவெரி ரிசல்ட் கேஷ், ஆவணங்களையே வைக்கும் டொக்யுமென்ட் கேஷ் ஆகிய மூன்றும் சேவையகத்துக்குப் பொதுவானவை அல்ல. சேர்ச்சர் எனப்படும் வாசிப்பான் ஒன்றுக்கு உரியவை அவை. அந்த சேர்ச்சர், இன்டெக்ஸ் எனப்படும் தேடல் அடைவு ஒரு குறிப்பிட்ட கணத்தில் எப்படி இருந்ததோ அந்த நிலையை மட்டுமே காணும். கொமிட் நடந்து புதிய சேர்ச்சர் திறக்கப்படும்போது பழைய சேர்ச்சரும் அதனோடு சேர்ந்த மூன்று கேஷ்களும் கைவிடப்படுகின்றன. முதல் இரண்டு கேஷ்களில் இருப்பவை செய்திகளின் தலைப்புகளோ உங்கள் அடையாள எண்களோ அல்ல, சோலரின் அடித்தளமான லூசீன் என்ற நிரலகம் உள்ளே கொடுத்துவைத்த ஆவண இலக்கங்கள். டொக்யுமென்ட் கேஷும் ஆவணங்களை அந்த இலக்கங்களைக் கொண்டே அடுக்கிவைக்கிறது. புதிய ஆவணங்கள் சேரும்போதும் இன்டெக்ஸின் துண்டுகளான செக்மென்டுகள் ஒன்றிணையும்போதும் அந்த இலக்கங்கள் மாறிவிடலாம் என்பதால், பழையவற்றை வைத்திருந்தால் வாசகருக்குப் பிழையான செய்தியே போய்ச் சேரும். ஆகவே சோலர் அவற்றை எறிவது சரியான செயலே. எத்தனை தடவை எறியச் சொல்கிறோம் என்பதுதான் நம் கையில் உள்ளது.

உங்கள் மழைக்கால அனுபவத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் நாளில் படுவான்கரையிலுள்ளவர்களும் வெளிநாட்டிலுள்ள அவர்களின் உறவினர்களும் ஒரே சில சொற்களையே திரும்பத் திரும்பத் தேடுவார்கள். கேஷ் ஒன்றுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. ஆனால் அதே நாளில்தான் உங்கள் செய்தியாளர்களும் அடுத்தடுத்துச் செய்திகளை அனுப்புகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொமிட் போகிறது, கேஷ் நிரம்புவதற்குள் வெறுமையாகிறது. அதிகம் தேவைப்படும் பொழுதில் அது அதிகம் அழிக்கப்படுகிறது. அளவை 20,000 ஆக்கினாலும் இரண்டு இலட்சமாக்கினாலும், நிரம்பாத இடத்தின் கொள்ளளவு கூடுகிறதே ஒழிய வேறொன்றும் நடவாது.

நினைவகம் தீர்ந்த கதையைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஃபில்டர் கேஷில் ஒரு பதிவு, இன்டெக்ஸில் உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பிட் என்ற கணக்கில் இடம் கொள்ளக்கூடியது. மூன்று இலட்சம் ஆவணங்களுக்கு 3,00,000 பிட், அதாவது 37,500 பைட். 512 பதிவுகள் நிரம்பினால் ஏறத்தாழ 19 மெகாபைட், அது பெரிதல்ல. 20,000 பதிவுகள் நிரம்பினாலோ 750 மெகாபைட். மிகச் சில ஆவணங்களே பொருந்தும் வடிகட்டிகள் இதைவிடக் குறைந்த இடமே கொள்ளும் என்பதால் இது மேல் எல்லைதான். எனினும் சோலர் நிறுவப்படும்போது அதற்குக் கிடைக்கும் ஜாவா ஹீப் எனும் நினைவகப் பகுதி 512 மெகாபைட் மட்டுமே. அதை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், செய்தி வரத்துக் குறைந்து கேஷ் நன்றாக நிரம்பிய ஏதோவோர் அமைதியான நாளில் சேவையகம் நின்றிருக்கும். மேலும் புதிய சேர்ச்சர் தயாராகும் வரை பழையதும் உயிரோடு இருப்பதால், அந்த இடைவேளையில் இரு தொகுதிக் கேஷ்களும் ஒன்றாக நினைவகத்தில் இருக்கும் என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். செய்தி வெளியிடும் நிரலில் உள்ள கொமிட் கட்டளையை முற்றாக நீக்கிவிடுங்கள். அந்தப் பொறுப்பைச் சோலரின் அமைப்புக் கோப்பிடம் கொடுங்கள். ஓட்டோ கொமிட், அதாவது தானாக நடக்கும் கொமிட், 15 விநாடிக்கு ஒருமுறை நடக்கட்டும். ஆனால் அதில் புதிய சேர்ச்சரைத் திறக்கச் சொல்லும் ஓப்பன் சேர்ச்சர் என்பதை ஃபோல்ஸ் (வேண்டாம்) என வையுங்கள். இதனால் தரவுகள் வட்டில் பத்திரமாக எழுதப்படும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் டிரான்செக்‌ஷன் லொக் கோப்பும் வீங்காது, கேஷ்களுக்கும் ஒன்றும் ஆகாது. புதிய செய்திகள் தேடலில் தெரிவதற்கு வட்டில் எழுதி முடிக்காமலே மாற்றங்களைத் தேடலில் காட்டும் ஓட்டோ சொஃப்ட் கொமிட்டின் நேரத்தை ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் என வையுங்கள். சொஃப்ட் என்ற பெயரைக் கண்டு அது கேஷை விட்டுவைக்கும் என நினைத்து ஒரு விநாடிக்கு ஒருமுறை வைப்பவர்கள் பலர். அதுவும் புதிய சேர்ச்சரைத் திறக்கிறது. அதுவும் கேஷைக் கழிக்கிறது.

செய்தி வெளியாகி ஒரு நிமிடம் கழித்துத்தான் தேடலில் அகப்படும் என்றால் ஆசிரியபீடத்தில் யாராவது முகஞ்சுளிப்பார்கள். முகப்புப் பக்கம் தரவுத்தளத்திலிருந்து நேரே வருவதால் அங்கே அது உடனே தெரியும் என்பதைச் சொல்லிவிடுங்கள். தேடல் பெட்டியில் ஒரு நிமிடத் தாமதத்தை எந்த வாசகரும் கவனித்ததாக நான் அறியேன்.

அடுத்து, ஓட்டோவார்ம் கவுண்ட். புதிய சேர்ச்சர் பொறுப்பேற்கும் முன், பழைய கேஷில் அண்மையிற் பயன்பட்ட வினவல்களில் இத்தனையை மறுபடி ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்லும் எண் அது. ஃபில்டர் கேஷுக்கு 16 அல்லது 32 என்பது தொடங்குவதற்குப் போதுமானது. இதைப் பெருக்கினால், ஒவ்வொரு கொமிட்டிலும் அத்தனை வினவல்களையும் சேவையகம் தனக்குத் தானே ஓட்டிக்கொண்டிருக்கும். சூடாக்கும் நேரம் இரு கொமிட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தாண்டினால் ஒன்றுக்குமேல் ஒன்றாக சேர்ச்சர்கள் அடுக்கப்பட்டு, மெக்ஸ் வார்மிங் சேர்ச்சர்ஸ் எல்லை மீறப்பட்டது என்ற பிழைச்செய்தி வரும். அச்செய்தி வந்தால் அந்த எல்லையை உயர்த்தும்படி இணையத்திற் பலர் அறிவுரை சொல்வார்கள். கேளாதீர்கள், கொமிட்டுகளின் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது சூடாக்கும் எண்ணைக் குறையுங்கள். டொக்யுமென்ட் கேஷுக்கு இந்த எண்ணை வைத்துப் பயனில்லை. அதில் ஆவணங்கள் உள் இலக்கங்களைக் கொண்டே வைக்கப்பட்டுள்ளன, எனவே அதைப் புதிய சேர்ச்சருக்கு எடுத்துச் செல்ல வழியில்லை.

கடைசியாக, வடிகட்டிகளை எழுதும் முறை. உங்கள் தளத்தில் மாவட்டம், செய்தி வகை என இரு தெரிவுகள் இருக்கும். இரண்டையும் இணைத்து ஒரே எஃப்கியூ (fq) எனும் வடிகட்டி அளவுருவில் அனுப்பினால், கிழக்கின் 3 மாவட்டங்களும் 10 வகைகளும் சேர்ந்து 30 தனித்தனிப் பதிவுகளாகும். இரண்டு எஃப்கியூக்களாகப் பிரித்து அனுப்பினால் 13 பதிவுகளே போதும், ஒவ்வொன்றும் பலமுறை பயன்படும். மட்டக்களப்பு என்ற வடிகட்டி விவசாயத்தோடும் சேரும், விளையாட்டோடும் சேரும். இதற்கு மாறாக, வாசகர் பெட்டியிற் தட்டச்சு செய்யும் சொற்களை எஃப்கியூவில் போடாதீர்கள். அவை தேடற்சொற்களுக்கான கியூ (q) அளவுருவுக்கு உரியவை. வடிகட்டியில் வந்தால் ஒருமுறை மட்டும் பயன்படும் பதிவுகள் வந்து நல்லவற்றைத் தள்ளிவிடும்.

கேள்வி: 'கடந்த ஏழு நாட்கள்' என்று ஒரு தெரிவை வைத்திருக்கிறேன். எல்லோரும் அதையே அழுத்துகிறார்கள். ஆனால் ஃபில்டர் கேஷில் அது ஒருபோதும் அகப்படுவதில்லை. பதிவுகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வடிகட்டியில் 'இப்போது' எனப் பொருள்படும் நவ் (NOW) என்ற சொல்லை வெறுமனே எழுதியிருக்கிறீர்கள். சோலர் அதை அக்கணத்தின் மில்லிவிநாடி வரை விரித்து எழுதிக்கொள்கிறது. எனவே அடுத்தடுத்து இருவர் அழுத்தினாலும் சோலரின் கண்ணுக்கு அவை இரண்டு வேறு வடிகட்டிகள். நவ் என்பதற்குப் பின் சாய்கோடிட்டு டே என்று (NOW/DAY) எழுதினால் நேரம் நாளின் தொடக்கத்துக்கு முழுமையாக்கப்படும். அன்று முழுவதும் அழுத்துகிற அனைவருக்கும் ஒரே பதிவு பயன்படும். மேல் எல்லையையும் அவ்வாறே நாளின் முடிவுக்கு முழுமையாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் பயன் இல்லை.

இதில் நம் நாட்டவருக்கு ஒரு பொறி உண்டு. சோலர் நாளைக் கணக்கிடுவது கிறீனிச் நேரத்தின் அடிப்படையில். இலங்கை அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், முழுமையாக்கிய 'இன்று' அக்கரைப்பற்றில் அதிகாலை 5.30 க்கே தொடங்கும். நள்ளிரவுக்குப் பின் வெளியான செய்திகள் நேற்றையவை ஆகிவிடும். ஏழு நாள் தெரிவில் இது பெரிதாகத் தெரியாது. 'இன்றைய செய்திகள்' என்ற தெரிவை வைத்தால், விடியற்காலையில் தளத்தைத் திறப்பவர் முதல் நாட் செய்திகளை இன்றையவை என்று பார்ப்பார். வினவலோடு நேர வலயத்துக்கான டிசெட் (TZ) என்ற அளவுருவில் ஏசியா/கொழும்பு என அனுப்பினால் நாள் சரியாகப் பிரியும்.

மில்லிவிநாடித் துல்லியம் உண்மையிலேயே வேண்டிய இடம் ஏதும் இருந்தால், அந்த வடிகட்டிக்கு மட்டும் கேஷ் என்ற உள் அளவுருவை ஃபோல்ஸ் என்று கொடுத்துவிடுங்கள். மற்றப் பதிவுகளுக்கு அது இடைஞ்சல் தராது.

கேள்வி: மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தன் வினவல் கேஷையே நீக்கிவிட்டதாக வாசித்தேன். அப்படியானால் தேடுபொறியில் மட்டும் அது எப்படி நல்லதாகும்?
— வாசகர், காத்தான்குடி

பதில்: நீக்கியது உண்மை. 5.7.20 பதிப்பில் கைவிடப்படவுள்ளதாக அறிவித்து, 8.0 இல் எடுத்துவிட்டார்கள். அங்கே ஓர் அட்டவணையில் ஒரு வரி மாறினாலும் அந்த அட்டவணை தொடர்பான எல்லாப் பதிவுகளும் அழிக்கப்பட்டன. அத்துடன் கேஷ் முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்ததால், பல கருக்கள் கொண்ட செயலிகளில் வினவல்கள் வரிசையில் நிற்க நேர்ந்தது. லூசீனை அடிப்படையாகக் கொண்ட தேடுபொறிகளில் ஒருமுறை எழுதிய செக்மென்ட் பின்னர் மாற்றப்படுவதில்லை, மாற்றங்கள் குறித்த நேரத்தில் தொகுதியாகவே வெளிப்படுகின்றன. ஆகவே இரு வெளிப்பாடுகளுக்கு இடையில் கேஷ் நிம்மதியாக வாழலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் கொமிட் கொடுப்பவர் இந்த அனுகூலத்தைத் தாமே இழக்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வன்பொருட் கடையின் இணையக் கடைக்கு எலாஸ்டிக்சேர்ச் தேடுபொறியைப் போட்டிருக்கிறேன். ஆறாயிரம் பொருட்கள். குவெரி கேஷ் புள்ளிவிபரத்தில் எப்போதும் பூச்சியமே காட்டுகிறது. என்ன அமைப்பை விட்டுவிட்டேன்?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: எதையும் விட்டுவிடவில்லை. எலாஸ்டிக்சேர்ச்சின் நோட் குவெரி கேஷ் ஒவ்வொரு செக்மென்டாகவே வேலை செய்கிறது. ஒரு செக்மென்டில் குறைந்தது 10,000 ஆவணங்களும், அந்த ஷார்டின் (இன்டெக்ஸைப் பிரித்த பகுதியின்) மொத்த ஆவணங்களில் 3 சதவீதமாவதும் இருந்தால் மட்டுமே அதன் விடைகளைச் சேமிக்கும். உங்கள் கடை முழுவதும் 6,000 பொருட்கள். அந்த அளவில் மறுபடி கணக்கிடுவதே சேமித்துத் தேடி எடுப்பதைவிட மலிவு என்று அது முடிவு செய்கிறது, அந்த முடிவு சரியானது. இன்டெக்ஸ் பெருத்தாலும் ஒற்றைச் சொல்லை மட்டும் ஒப்பிடும் டேர்ம் வினவல்களை அது சேமிக்காது, அவை ஏற்கெனவே விரைவானவை. வடிகட்டிப் பகுதிக்கு வெளியே எழுதப்படும், பொருத்தத்துக்கு மதிப்பெண் கணிக்கும் வினவல்களும் இதற்குள் வரா. இந்தக் கேஷுக்கு இயல்பாக ஒதுக்கப்படுவது ஹீப்பின் 10 சதவீதம். அதை நீங்கள் தொடத் தேவையில்லை.

ஷார்ட் ரிக்வெஸ்ட் கேஷ் என்பது வேறு. இயல்புநிலையில் அது சைஸ் பூச்சியம் என்று கேட்கும் வினவல்களை மட்டும், அதாவது எண்ணிக்கைகளையும் தொகுப்புகளையும் மட்டும் சேமிக்கும், பொருட்பட்டியலைச் சேமிக்காது. 'பெயின்ட் 140, குழாய்ப் பொருத்திகள் 85' என்று பக்கவாட்டில் எண்ணிக்கை காட்டுகிறீர்கள் என்றால், அந்த எண்ணிக்கைகளைப் பட்டியலோடு சேர்த்துக் கேட்காமல் சைஸ் பூச்சியமாகத் தனி வினவலிற் கேளுங்கள். இங்கேயும் வெறும் நவ் இருந்தால் சேமிக்கப்படாது என்பதை அக்கரைப்பற்று வாசகரின் கேள்வியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். தரவு மாறி ரிஃப்ரெஷ் நடக்கும்போதெல்லாம் இது செல்லாததாகும். இயல்பான ரிஃப்ரெஷ் இடைவெளி ஒரு விநாடி. நாளுக்குச் சில தடவையே விலை மாற்றும் ஒரு கடைக்கு 30 விநாடி தாராளம்.

கேள்வி: எங்கள் தேடல் சேவையகத்துக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சேவையகத்தை வைத்து விடைகளைச் சேமிக்கிறோம். 'கொக்கட்டிச்சோலை' என்று கணினியிற் தேடினால் கேஷிலிருந்து உடனே வருகிறது. அதையே கைபேசியிற் தேடினால் சில வேளை கேஷில் இல்லை என்கிறது. எழுத்து அப்படியே ஒன்றுதான். ஏன்?
— வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இம்மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஆங்கிலத் தளம் நடத்துபவர் எவருக்கும் இது தோன்றியிராது.

யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்றாக; அல்லது ககரத்தின் பின் ஒற்றைக் கொம்பு, அதன் பின் கால் என இரு குறிகளாக. 'சோ' வும் அப்படியே, இரட்டைக் கொம்பும் காலுமாக. உங்கள் ஊர்ப் பெயரில் இவ்விரண்டும் வருவதால் அதை நான்கு விதமான குறித்தொடர்களாக எழுத முடியும். திரையில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். எந்த விசைப்பலகை எதை அனுப்புகிறது என்பது செயலிக்குச் செயலி வேறுபடுகிறது. என்ஜின்எக்ஸ் முகவரியில் உள்ள பைட்டுகளை மட்டுமே பார்க்கிறது, எனவே நான்கையும் நான்கு வெவ்வேறு வினவல்களாக வைக்கிறது.

தேடற் பெட்டியிலிருந்து முகவரி உருவாகும் இடத்திலேயே, ஜாவாஸ்கிரிப்டின் நோர்மலைஸ் செயற்கூற்றைச் சொல்லின்மீது ஒருமுறை ஓட்டுங்கள். அது இயல்பாகவே ஒரே குறியான வடிவத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். கூடவே முன்பின் வெற்றிடங்களை நீக்கி, இடையிலுள்ள பல வெற்றிடங்களை ஒன்றாக்கி, அளவுருக்கள் எப்போதும் ஒரே வரிசையில் வருமாறும் செய்யுங்கள். சேவையகத்தின் பக்கத்தில், தேடப்படும் புலத்தின் பகுப்பாய்வியில் (சொற்களைப் பிரித்து ஒழுங்காக்கும் பகுதியில்), குறித்தொடர்களை ஒரே வடிவாக்கும் ஐசியு நோர்மலைசர் வடிகட்டியை இன்டெக்ஸ் செய்யும்போதும் வினவும்போதும் சேருங்கள். சோலரின் குவெரி ரிசல்ட் கேஷ் முகவரியைத் திறவுகோலாகக் கொள்வதில்லை. பகுத்து முடித்த வினவலையே கொள்கிறது. ஆகவே பகுப்பாய்வி நான்கையும் ஒன்றாக்கிவிட்டால் அங்கே பதிவும் ஒன்றாகிவிடும். விரைவு ஒருபுறம் இருக்க, இதைச் செய்யாவிட்டால் சிலருக்குத் தேடல் விடையே கிடைக்காது போகும்.

நோர்மலைஸ் தீர்க்காத ஒரு வழக்கும் உண்டு. 'பௌர்ணமி' என்பதில் ஔகாரக் குறியை இடாமல், கொம்பையும் ளகர எழுத்தையும் சேர்த்து 'பெளர்ணமி' என்று தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். பார்வைக்கு ஒன்று, யூனிகோடுக்கு இரண்டு வேறு சொற்கள். இதற்குப் பகுப்பாய்வியில் ஒத்த சொற் பட்டியல் ஒன்றில் அடிக்கடி வரும் சொற்களை எழுதிவைப்பதே பாதுகாப்பானது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் 'வெள்ளம்' போன்ற நல்ல சொற்களும் கெட்டுப்போகும்.

என்ஜின்எக்ஸில் சேமிக்கும் காலத்தைச் சொஃப்ட் கொமிட் இடைவெளியை ஒட்டி வையுங்கள். அரைமணி நேரம் என்று வைத்தால் பழைய விடைகளே போய்க்கொண்டிருக்கும். புரொக்சி கேஷ் லொக் என்ற வசதியையும் இயக்குங்கள். ஒரே வினவல் ஒரே நேரத்தில் பலரிடமிருந்து வந்தால் ஒன்று மட்டும் உள்ளே போகும், மற்றவை அதன் விடைக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: எங்கள் ஆய்வுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பயனருக்கும் பார்க்க அனுமதியுள்ள ஆவணங்கள் வேறு. பயனர் பெயரை வடிகட்டியாக வைத்தேன். கேஷ் பயனர் பெயர்களால் நிறைந்துவிட்டது.
— வாசகர், வந்தாறுமூலை

பதில்: பயனர் பெயருக்குப் பதிலாக, விரிவுரையாளர், பட்டதாரி மாணவர், வெளியார் என்றவாறு குழுவை வடிகட்டியாக்குங்கள், சில பதிவுகளே எல்லோருக்கும் போதும். தனியொருவருக்கு மட்டும் உரிய அனுமதி இருந்தால் அதை வேறொரு எஃப்கியூவாகப் பிரித்து, கேஷ் ஃபோல்ஸ் என்று குறியுங்கள். இப்படிப்பட்ட களஞ்சியத்துக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் கேஷ் எதையும் வைக்க வேண்டாம். ஒருவருக்கு உரிய விடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் விளைவு தாமதத்தைவிட மோசமானது.

கேள்வி: கேஷின் ஹிட் விகிதம், அதாவது விடை கேஷிலேயே கிடைக்கும் வீதம், எவ்வளவு இருந்தால் நல்லது?
— வாசகர், கல்முனை

பதில்: எந்தக் கேஷ் என்பதைப் பொறுத்தது. நன்றாக எழுதப்பட்ட வடிகட்டிகள் உள்ள தளத்தில் ஃபில்டர் கேஷ் விகிதம் 0.9 ஐ ஒட்டி வருவது இயல்பு. மிகக் குறைவாக இருந்தால் அளவைத் தொடும் முன் நவ், பயனர் பெயர், இணைத்தெழுதிய எஃப்கியூ என்று மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். குவெரி ரிசல்ட் கேஷ் விகிதம் 0.3 ஆக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம், மக்கள் எத்தனையோ விதமாகத் தேடுகிறார்கள். அந்தக் கேஷ் பெரும்பாலும் உதவுவது, முதற் பக்கத்தைப் பார்த்தவர் இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போதுதான்: ஒரே தடவையில் சேமிக்கும் விடைகளின் எண்ணான விண்டோ சைஸ் 20 எனில், பத்து விடைகள் கொண்ட முதற் பக்கத்தைக் கேட்டபோதே அடுத்த பத்தும் சேமிக்கப்பட்டிருக்கும்.

விகிதத்தோடு, இடமின்றி வெளியேற்றப்பட்ட பதிவுகளைக் காட்டும் எவிக்‌ஷன்ஸ் என்ற எண்ணையும் பாருங்கள். விகிதம் குறைந்து எவிக்‌ஷனும் பூச்சியமாக இருந்தால் கேஷ் சிறிதாக இருப்பது காரணமல்ல, கொமிட் அதை அழிக்கிறது. எவிக்‌ஷன் விரைந்து ஏறிக்கொண்டு, வடிகட்டிகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அளவை உயர்த்துங்கள், அதையும் இருமடங்காக மட்டும் உயர்த்தி ஒரு வாரம் பாருங்கள். கியுமுலேட்டிவ் என்று தொடங்கும் எண்கள் சோலர் தொடங்கியதிலிருந்து கூட்டப்பட்டவை. மற்றவை தற்போதைய சேர்ச்சருக்கு மட்டும் உரியவை. நீங்கள் பக்கத்தைத் திறந்த கணத்துக்குச் சற்று முன் கொமிட் நடந்திருந்தால் பின்னவை எதையும் சொல்லா.